வெந்நீர் கேட்கும் நேரம்

"அக்கா, கொஞ்சம் வெந்நீர் வச்சுக் கொண்டாறீங்களா?"

புதிதாக ஒரு வீட்டுக்குள் போனால் கால் மணி நேரத்துக்குள் இதைக் கேட்டுவிடுவேன். புண் கழுவ எனக்கு வெந்நீர் தேவையே இல்லை. சலைன் பாட்டில், பஞ்சு, காஸ் துணி, கையுறை எல்லாம் பையில் இருக்கும். ஆனால் வெந்நீர் வைக்க ஒருவர் அடுப்படிக்குப் போக வேண்டும். அடுப்பைப் பற்றவைத்து, பாத்திரம் தேடி, தண்ணீர் சூடாகி, சொம்பில் ஊற்றிக் கொண்டுவர எப்படியும் ஐந்து நிமிடம் ஆகும். மகனோ மருமகனோ கட்டிலை விட்டு நகராமல் நின்றால், வண்டிப் பெட்டியில் பஞ்சுப் பொட்டலத்தை விட்டுவிட்டேன், எடுத்துத் தர முடியுமா என்று சாவியைக் கொடுப்பேன். அந்த ஐந்து நிமிடமும் படுத்திருப்பவரும் நானும் மட்டும்.

அப்போது கேட்பேன். "அய்யா, உங்களுக்கு என்ன வேணும்?"

உடனே பதில் வராது. அந்த வீட்டில் அவரிடம் யாரும் அதைக் கேட்டுப் பல மாதம் ஆகியிருக்கும். சாப்டியா, மாத்திரை போட்டியா, வெளிக்குப் போனியா என்று நாளெல்லாம் கேட்கிறார்கள். அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் என்ன வேணும் என்று கேட்டால் அவர் எதையாவது சொல்லிவிடுவாரோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. அதனால் கேட்பதில்லை.

நான் நோய் ஆதரவு சிகிச்சை நர்ஸ். நோயாளியின் வலியையும் அவதியையும் குறைக்கிற சிகிச்சை அது. ஏழு வருடம் வார்டில் இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தேன். மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் என்னைப் 'புண்ணு கட்டுற சிஸ்டர்' என்பார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொண்டுவரும் அக்காக்களை எல்லா ஊரிலும் தெரியும். அதே திட்டத்தில் பிசியோதெரபிஸ்டும் எங்களைப் போன்ற நர்ஸும் படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்கே வருவார்கள் என்பது அந்த அளவுக்குத் தெரியாது. புற்றுநோய் முற்றியவர்கள், பக்கவாதத்தில் விழுந்தவர்கள், முதுகுத்தண்டு அடிபட்டவர்கள், நினைவு தப்பிய முதியவர்கள். இவர்களுக்குப் புண் கட்டுவது, யூரின் டியூப் மாற்றுவது, மூக்குக் குழாய் பார்ப்பது, வலி மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. ஃபைலில் எழுதுவது இதைத்தான். ஃபைலில் எழுதாத பாதி வேலை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஊர், உறவு, அடையாளம் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன்.

வார்டில் நோயாளி நம்முடைய இடத்துக்கு வருகிறார். கட்டில் நம்பர் போட்டு, உடையை மாற்றி, பார்வையாளர் நேரம் முடிந்தால் உறவுக்காரர்களை வெளியே அனுப்பிவிடலாம். வீட்டில் எல்லாம் தலைகீழ். செருப்பை வாசலில் விட்டு, காட்டிய இடத்தில் உட்கார்ந்து, கொடுத்த மோரைக் குடித்துவிட்டுத்தான் ஃபைலைத் திறக்க முடியும். அந்த வீட்டில் யார் சொல் எடுபடும், யார் அடுப்படியிலேயே நின்றுவிடுவார், பணம் யார் கையில் என்பதெல்லாம் நாம் போவதற்குப் பல வருடம் முன்பே முடிவான விஷயம். கட்டிலில் விழுந்தவர் நேற்றுவரை அந்த வீட்டை அதட்டி நடத்தியவராக இருக்கலாம். விழுந்த மறுவாரமே அவரைப் பற்றி அவர் தலைமாட்டில் நின்றுகொண்டே படர்க்கையில் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். "அவருக்குக் கஞ்சிதான் ஒத்துக்கிருது சிஸ்டர்." அவர் கண்ணைத் திறந்து மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வாய்ப்புற்று வந்த ஒரு அய்யாவின் வீட்டுக்கு முதல்முறை போனபோது, வண்டியை நிறுத்துவதற்குள் மகன் ஓடிவந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். "சிஸ்டர், அப்பாவுக்கு என்ன நோவுன்னு தெரியாது. வாயில புண்ணுன்னுதான் சொல்லி வச்சிருக்கோம். தயவுசெஞ்சு நீங்க ஒண்ணும் சொல்லிராதீங்க. தெரிஞ்சா அன்னைக்கே போயிருவாரு." கை இரண்டையும் சேர்த்துக் கும்பிட்டார். இந்தக் கும்பிடு எனக்குப் புதிதில்லை. பத்து வீட்டுக்குப் போனால் ஏழெட்டு வீட்டில் வாசலிலேயே இது நடந்துவிடும்.

அய்யாவின் இடது கன்னத்தில் புண் வெளியே திறந்திருந்தது. துண்டை வாயில் பொத்தியபடிதான் பேசுவார். வெந்நீர் கேட்டேன். மருமகள் அடுப்படிக்குப் போனார், மகன் வண்டிச் சாவியோடு போனார்.

"அய்யா, உங்க உடம்புக்கு என்னன்னு உங்களுக்கு என்ன தோணுது?"

துண்டை எடுக்காமலே சொன்னார். "கேன்சருதாம்மா. எங்க அண்ணனும் இப்படித்தான் செத்தான். எனக்குத் தெரியாதுன்னு பய நினைச்சுக்கிட்டிருக்கான். நினைச்சுட்டுப் போகட்டும்."

மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இன்னொரு சுற்று மருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். காப்பீட்டில் வராத மருந்து. அதற்காக மகன் கிணற்றடி நிலத்தை அடமானம் வைக்கக் கையெழுத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவிடம் சொன்னது வேறு காரணம். அப்பாவுக்கு அதுவும் தெரியும். ஒரே வீட்டுக்குள், ஒருவருக்கு ஒருவர் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, இரண்டு பேர் ஒரே விஷயத்தைத் தனித்தனியாகச் சுமந்துகொண்டிருந்தார்கள்.

"நிலத்தை வைக்கக் கூடாது. எனக்கு ஊசி வேணாம். வலி மட்டும் இல்லாமப் பண்ணும்மா." இதுதான் அவர் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்றும் சொன்னார். "சவரம் பண்ணி ரெண்டு மாசமாச்சு."

இதுபோன்ற நேரத்தில் ஒரு நர்ஸ் என்ன செய்ய வேண்டும் என்று யோசித்து யோசித்துத்தான் கற்றுக்கொண்டேன். நேராக மகனிடம் போய் 'உங்கப்பாவுக்கு எல்லாம் தெரியும்' என்று போட்டு உடைப்பது சுலபம். அதைச் செய்ய எனக்கு உரிமையில்லை. அவர் என்னிடம் சொன்னது அவருடைய சொத்து. அதனால் கேட்டேன்: "இதைத் தம்பிகிட்ட நான் சொல்லவா, நீங்களே சொல்றீங்களா?" அவர் யோசித்தார். "நான் ஆரம்பிச்சா அழுதுருவான். நீ ஆரம்பி."

அடுத்த வாரம் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். மகனிடம் நான் எதையும் அறிவிக்கவில்லை. அப்பாவுக்கு என்ன தெரியும்னு நினைக்கிறீங்க, ராத்திரி தூங்குறாரா, முழிச்சிருந்தா என்ன பேசுவாரு என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். "ஒண்ணும் பேச மாட்டாரு, என்னையவே பாத்துக்கிட்டிருப்பாரு" என்று சொல்லும்போதே அவருக்குத் தொண்டை அடைத்தது. பிறகு அவரே கேட்டார், "அவருக்குத் தெரியுமா சிஸ்டர்?"

உள்ளே கூட்டிப்போனேன். அதற்குள் அய்யாவின் மச்சினர் ஒருவர் வந்துவிட்டார். ஊரில் பெரிய மனுஷர், நாலு பேருக்குப் பஞ்சாயத்துப் பேசுபவர். நிலத்தை வைத்தாவது வைத்தியம் பார்க்க வேண்டும், இல்லையென்றால் ஊர் என்ன பேசும் என்பது அவர் கட்சி. நான் அய்யாவைப் பார்த்து, நீங்க சொன்னதைச் சொல்லலாமா என்றதும், மச்சினர் மகனிடம் திரும்பினார். "மருந்து குடுக்க வந்தவங்க மருந்தக் குடுத்துட்டுப் போக வேண்டியதுதான? இந்தம்மா என்ன அவருக்கு வக்காலத்து வாங்குது?"

நர்சிங் படிக்கும்போது ஆங்கிலத்தில் ஒரு பாடம் இருந்தது. நோயாளிக்காகப் பேசுவதும் நர்ஸின் கடமைகளில் ஒன்று என்று எழுதி ஐந்து மார்க் வாங்கியிருக்கிறேன். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த மாமா கோபத்தில் சொன்ன வார்த்தைதான் சரியான வார்த்தை. வக்காலத்து. நோயாளி வாய் அடைத்துக் கிடக்கும்போது அவர் சொல்லச் சொன்னதை அவர் பெயரால் சொல்வது. "ஆமாங்க மாமா, அதுக்கும் சேர்த்துத்தான் வந்திருக்கேன்" என்றேன். என் குரல் நடுங்கியது எனக்கே கேட்டது.

அய்யா துண்டை எடுத்தார். மகனைப் பார்த்து, "நிலத்த வைக்காத" என்றார். அவ்வளவுதான் பேச முடிந்தது. அது போதுமாக இருந்தது.

வலி பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் அதிகம் மறைக்கப்படுவது அதுதான். பூஜ்யம் முதல் பத்து வரைக்கும் வலிக்கு ஒரு நம்பர் சொல்லுங்கள் என்று கேட்கச் சொல்லித்தான் பயிற்சி. வயதானவர்களிடம் அது எடுபடுவதில்லை. எண்பது தாண்டிய ஒரு பாட்டி என் விரலையெல்லாம் பார்த்துவிட்டு, "பதினாறணாவும் வலிதான் ஆத்தா" என்றார். அன்றிலிருந்து அந்த வயதுக்காரர்களிடம் அணாக் கணக்கில்தான் கேட்கிறேன். 'இப்ப எத்தனை அணா?' 'எட்டணா.' ஃபைலில் பத்துக்கு ஐந்து என்று எழுதிக்கொள்கிறேன்.

புற்றுநோயின் கடும் வலிக்கு வாய்வழி மார்ஃபின் மாத்திரை நல்ல மருந்து. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். வலி வந்த பிறகு கொடுப்பது என்றால் எப்போதும் வலிக்குப் பின்னால்தான் ஓடிக்கொண்டிருப்போம். மார்ஃபினால் மலச்சிக்கல் வரும், அநேகமாக எல்லோருக்கும் வரும். அதனால் கூடவே மலமிளக்கி மாத்திரையும் போக வேண்டும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் வீட்டில் அந்த வெள்ளை மாத்திரையைப் பார்த்தால் பயப்படுகிறார்கள். போதை மருந்தாமே, பழகிப்போயிருமாமே, இதைக் கொடுத்தால் சீக்கிரம் போயிருவாங்களாமே என்று கேட்பார்கள். கேட்காதவர்கள் ஆறு வேளையை இரண்டு வேளையாகக் குறைத்துவிட்டு என்னிடம் சரியாகக் கொடுக்கிறோம் என்பார்கள். அட்டையில் மிச்சமிருக்கும் மாத்திரையை எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். எண்ணிவிட்டுச் சத்தம் போடுவதில் பிரயோஜனம் இல்லை. அவர்களும் பயந்துபோய்த்தான் அப்படிச் செய்கிறார்கள்.

அந்தப் பயம் வீட்டில் மட்டும் பிறந்ததில்லை. 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு ஒரு ஆஸ்பத்திரி மார்ஃபின் வாங்கி வைக்க வேண்டுமென்றால் பல லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது. ஒன்று வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். மார்ஃபின் எடுக்கும் அபினிச் செடியை மருந்துக்காக அரசு அனுமதியோடு பயிரிடும் நாடு இது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் வயல்கள் இருக்கின்றன. ஆனால் இங்கே இருக்கிற நோயாளிக்கு மாத்திரை கிடைக்கவில்லை. 2014-இல் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின் உள்ளிட்ட 6 மருந்துகளை அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் ஒரே அனுமதியில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆக்கினார்கள். அதற்காகப் பல வருடம் போராடியவர்களில் கேரளத்து மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் ஒருவர். 1993-இல் கோழிக்கோட்டில் அவரும் நண்பர்களும் தொடங்கிய சின்ன முயற்சிதான் பிறகு ஊர் ஊராக வளர்ந்து, 2008-இல் அந்த மாநிலம் இதற்கென்று ஒரு கொள்கையே கொண்டுவரும் அளவுக்குப் போனது. அங்கே பஞ்சாயத்துக்கு ஒரு நர்ஸ் வீடு வீடாகப் போகிறார். சட்டம் மாறியது சரி. வார்டில் தங்களுக்கு மூத்தவர்களைப் பார்த்து மார்ஃபினுக்குப் பயந்து பழகிய நர்ஸும் டாக்டரும் ஒரே நாளில் மாறிவிடுவதில்லை. நானே அப்படிப் பயந்தவள்தான்.

வீட்டிலிருந்து டாக்டருக்குப் போன் போடுவதும் வக்காலத்தில் சேர்த்திதான். ஆரம்பத்தில் "சார், பேஷண்ட் ரொம்ப வலிக்குதுங்கிறாரு" என்பேன். "சரி, அதே மாத்திரையக் குடுங்க" என்று வைத்துவிடுவார். அவர் மேல் தப்பில்லை. ஒரே நாளில் எத்தனையோ பேர் அவரிடம் 'ரொம்ப வலிக்குது' என்று சொல்கிறார்கள். இப்போது நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு பேசுகிறேன். "சார், நேத்து ராத்திரி மூணு தடவை எழுந்திருச்சிருக்காரு. பத்துக்கு எட்டு. நாலு மணி நேரம் தாங்கல, ரெண்டரை மணி நேரத்துலயே திரும்ப வந்துருது. மாத்திரை சரியாத்தான் போகுது, நான் எண்ணிப் பாத்துட்டேன். தூக்கக் கலக்கம் இல்ல, மூச்சு நிமிஷத்துக்கு பதினாறு. வெளிக்குப் போய் அஞ்சு நாளாச்சு." இப்படிச் சொன்னால் அவர் போனை வைப்பதில்லை. அளவைக் கூட்டிச் சொல்வார், மலத்துக்கு என்ன செய்வது என்று சொல்வார். வலி என்ற ஒரே சொல்லை டாக்டரின் காதுக்குள் ஏறுகிற மாதிரி ஏழெட்டுத் தகவலாகப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

சிசிலி சாண்டர்ஸ் கதையை எனக்குச் சொன்னது பயிற்சியில் ஒரு மூத்த சிஸ்டர். உலகத்துக்கு நவீன நோய் ஆதரவு சிகிச்சையைக் கொடுத்த அந்த அம்மா முதலில் லண்டனில் நர்ஸாக இருந்தவர். முதுகு வலியால் அந்த வேலையை விட்டு ஆஸ்பத்திரிச் சமூகப் பணியாளர் ஆனார். சாகக் கிடப்பவர்களின் வலியைப் பற்றி அக்கறையோடு பேசிக்கொண்டிருந்த அவரிடம், கூட வேலை பார்த்த அறுவைச் சிகிச்சை மருத்துவர், போய் மருத்துவம் படி, இல்லாவிட்டால் நீ சொல்வதைக் கேட்க மாட்டார்கள் என்று சொன்னாராம். படித்து 1957-இல் டாக்டரானார். 1967-இல் சாகக் கிடப்பவர்களுக்கென்று செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் திறந்தார். 1969-இல் அங்கிருந்து ஒரு குழு வீடுகளுக்கும் போகத் தொடங்கியது. எல்லோரும் இந்தக் கதையைச் சாதனைக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அது வருத்தமான கதை. நர்ஸாக இருந்து பார்த்ததைச் சொல்ல அவர் டாக்டர் ஆக வேண்டியிருந்தது. எல்லா நர்ஸும் டாக்டருக்குப் படிக்க முடியாது, படிக்கவும் வேண்டியதில்லை. நர்ஸாக இருந்தே சொன்னால் எடுபட வேண்டும்.

நான் வாயைத் திறக்காமல் வந்த நாளும் உண்டு. அதை எழுதாமல் மேலே சொன்னதை மட்டும் எழுதினால் நியாயமாக இருக்காது.

நினைவு தப்பிய ஒரு அப்பத்தா. மூக்குக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. அதை அடிக்கடி பிடுங்கிவிடுகிறார் என்று இரண்டு கையையும் பழைய சேலைக் கிழிசலால் கட்டில் சட்டத்தோடு கட்டியிருந்தார்கள். நீலப் பூப்போட்ட சேலை. நான் போன அன்று குழாயை மாற்றினேன், சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தேன், தலையைத் தூக்கி வைத்து எப்படி ஊட்டுவது என்று மகளுக்கு மறுபடி சொல்லிக்கொடுத்தேன். கட்டியிருந்ததைப் பார்த்தேன். அந்த மகள் வேறு ஆள் துணையில்லாமல் வருடக்கணக்காகத் தனியாகப் பார்க்கிறார், அவரைப் போய் என்ன சொல்வது என்று நினைத்து ஃபைலை மூடிவிட்டு வந்தேன். அன்றைக்கு இன்னும் நாலு வீடு பாக்கி இருந்தது.

மூன்று வாரம் கழித்துப் போனபோது மணிக்கட்டைச் சுற்றித் தோல் உரிந்து வளையம் போட்டிருந்தது. கட்டை அவிழ்த்ததும் அப்பத்தா கையைத் தூக்கவில்லை. தூக்க மறந்துபோன மாதிரி அப்படியே வைத்திருந்தார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேச முடியாதவருக்காகப் பேசத்தான் என்னை அனுப்புகிறார்கள். அந்த மூன்று வாரத்தின் ஒவ்வொரு நாளும் என் கணக்கில்தான் வரும்.

அன்றே டாக்டரிடம் பேசினேன். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது போட்ட குழாய். காய்ச்சலில் மயங்கிக் கிடந்தபோது தேவைப்பட்டது. காய்ச்சல் போன பிறகு அது இன்னும் வேண்டுமா என்று யாருமே கேட்கவில்லை, நான் உட்பட. மறதி நோய் முற்றியவர்களுக்குக் குழாயைவிட நிதானமாகக் கையால் ஊட்டுவதே மேல் என்பதுதான் முதியோர் மருத்துவத்தின் நிலைப்பாடு. டாக்டர் வந்து விழுங்குகிறாரா என்று பார்த்தார். நிமிர்த்தி உட்காரவைத்து, கேப்பைக் கூழைக் கொஞ்சம் கெட்டியாக, சின்ன ஸ்பூனில், ஒரு வாய் விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்த வாய். அரை டம்ளர் இறங்க முக்கால் மணி நேரம் ஆனது. குழாயை எடுத்தோம். மகள் அந்தச் சேலைத் துணியைச் சுருட்டிக் கொல்லையில் போட்டுவிட்டு வந்து, "நானும் கட்டணும்னு கட்டல சிஸ்டர்" என்றார். எனக்குத் தெரியும். முதல் தடவையே நான் கேட்டிருந்தால் அவருக்கும் அந்தப் பாரம் இறங்கியிருக்கும். என் மௌனம் அவருக்கும் உதவவில்லை.

பார்த்துக்கொள்பவருக்காகவும் பேச வேண்டியிருக்கும் என்று அதிலிருந்து கற்றேன். ஒரு வீட்டில் மாமனாருக்குப் படுக்கைப்புண். சென்னையிலிருந்து மகள் வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை நான் கட்டுப் பிரித்தேன். இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் குழி. மகள் பார்த்துவிட்டு அண்ணியிடம் கத்தினார்: "இப்படி அழுக விட்டு வச்சிருக்கியே மதினி!" மருமகள் ஒன்றும் பேசவில்லை, அழுக்குத் துணியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் ஃபைலைத் திறந்து அந்த மகளிடம் காட்டினேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே இந்தப் புண் இருந்தது, அப்போது இதைவிட ஆழம், எலும்புகூடத் தெரிந்தது. இப்போது அடியில் சிவப்பாகச் சதை வளர்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியும் எழுந்து, ஒற்றை ஆளாக அவரைப் புரட்டிப் போட்டால்தான் இப்படி வளரும். உங்கள் மதினிக்கு முதுகு வலி, பெல்ட் போட்டுக்கொண்டுதான் தூக்குகிறார். "அடுத்த மாசம் ஒரு வாரம் நீங்க வந்து இருக்க முடியுமா?" என்று கேட்டேன். வந்தார். பத்து நாள் இருந்தார்.

சாவைப் பற்றி ஒரு விஷயம் மட்டும். கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், வீட்டிலேயே இருக்கிறேன் என்று பலர் வெந்நீர் நேரத்தில் சொல்வார்கள். உச்ச நீதிமன்றம் 2018-இல், வெறுமனே உயிரை இழுத்துக்கொண்டிருக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்றது. 2023-இல் அதற்கான நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஸட்டட் அதிகாரி முன்னிலையில் கையெழுத்துப் போட்டால் போதும் என்றது. எங்கள் பக்கத்தில் யாரும் அதற்காக நோட்டரியிடம் போனதை நான் பார்த்ததில்லை. நான் செய்வது சின்ன வேலை. ஃபைலில் 'நோயாளி சொன்னது' என்று தலைப்புப் போட்டு, தேதி போட்டு, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுவேன். அவர் சம்மதித்தால் வீட்டாருக்கு வாசித்துக் காட்டுவேன். சட்டப்படி அதற்கு மதிப்பில்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு இழுக்கும்போது ஆளுக்கொரு பக்கம் கத்தும் வீட்டில், யாராவது ஒருவர் அந்தப் பக்கத்தைத் திறந்து வாசித்திருக்கிறார்கள். இரண்டு வீட்டில் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் வேலைக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், ஒரு நாளைக்குப் பார்க்கும் வீட்டின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்பேன். எத்தனை வீடு, எத்தனை டிரெஸ்ஸிங், எத்தனை டியூப் என்று கேட்கும் படிவத்தில் ஒருவரோடு உட்கார்ந்திருந்த நேரத்துக்குக் கட்டம் இல்லை. அப்பத்தா வீட்டில் நான் வாயைத் திறக்காமல் வந்ததற்கு என் கோழைத்தனம் பாதிக் காரணம் என்றால், பாக்கி இருந்த நாலு வீடு மீதிப் பாதி.

வாய்ப்புற்று அய்யாவுக்கு மார்ஃபின் தொடங்கி நாலாவது நாள் ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்கிறார். புண்ணின் வாடைதான் அடுத்தது. அந்த வாடையால் பேரப்பிள்ளைகள் அந்த அறைக்குள் வருவதை நிறுத்தியிருந்தார்கள், முடிதிருத்துபவர் சொல்லி அனுப்பியும் வரவில்லை. மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவிக் கட்டச் சொல்லி டாக்டர் சொல்ல, மூன்றாம் நாள் வாடை அடங்கியது. பேத்தி கதவு வரை வந்து எட்டிப் பார்த்தாள். முடிதிருத்துபவர் அப்போதும் வரவில்லை.

அதற்கடுத்த வாரம் நான் போனபோது, வழக்கம்போலப் பையைத் திறப்பதற்குள் மகன் எழுந்தார். "வெந்நீர்தான சிஸ்டர்? வைக்கிறேன்." எனக்கு அது எதற்கென்று அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. கதவை லேசாகச் சாத்திவிட்டுப் போனார். அன்று அய்யாவிடம் கேட்க எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. அவருக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. நான் கட்டை மாற்றினேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகன் சொம்போடு வந்தார். இன்னொரு கையில் புது ரேசர், சோப்பு, ஒரு சின்னக் கண்ணாடி. அதுவரை அந்தக் கன்னத்தை அவர் நேராகப் பார்த்து நான் கண்டதில்லை. கட்டு மாற்றும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவார். "எது வரைக்கும் போகலாம் சிஸ்டர்?" என்று கேட்டார். கட்டுக்கு இரண்டு விரல் தள்ளி விரலால் கோடு காட்டினேன். நல்ல கன்னத்தில் சோப்பைக் குழைத்துத் தடவினார். கை நடுங்கியது. வெந்நீரில் துண்டை நனைத்துத் தாடைக்குக் கீழே ஒற்றினார்.

"சுடுதுடா," என்றார் அய்யா.

"ஆத்தித் தர்றேன்ப்பா," என்று சொம்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார் மகன்.